ஜுரம் பார்க்கும் டிரான்சிஸ்டர்

ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிவிட்ட நேரம். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கியது இடுப்புயர மர ஸ்பீக்கர் பெட்டி. அதற்குப் பிறகுதான் அந்த அம்மா இறங்கினார். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, பூப்போட்ட கவுன், காலில் கான்வாஸ் ஷூ. "மெதுவா எறக்குப்பா, அது இன்னா சிமெண்டு மூட்டையா?" என்று ஆட்டோக்காரரை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆம்ப்ளிஃபயர் கிட் போடறவன் வீடு இதானே? கூப்புடு அவன."

"நான்தான் ஆன்ட்டி."

"உங்க அண்ணன கூப்புடு."

"எனக்கு அண்ணனே கெடையாது. டிசைன் பண்றது நான்தான்."

மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். "சரி. அப்ப திட்டு வாங்கப்போறதும் நீதான்" என்றார்.

உண்மையைச் சொன்னால் அந்த நொடியில் எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. நான் ஆம்ப்ளிஃபயர் டிசைன் செய்கிறேன் என்று சொன்னால் மூன்று கேள்வியாவது வரும். அப்பா சொல்லிக் கொடுத்தாரா? யூடியூப் பார்த்துச் செய்ததா? கல்யாணத்துக்கு அப்புறமும் செய்வியா? மதாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேராகத் திட்ட ஆரம்பித்தார்.

மதாம் என்று நான் சொல்வது மரியாதைக்கு. பிரெஞ்சு குடியுரிமை வாங்கிப் போய், அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அந்த ஸ்பீக்கர் ஜோடியை அங்கே தன் முதல் சம்பளத்தில் வாங்கியிருக்கிறார். திரும்பி வரும்போது சோபா, கட்டில், பீரோ எல்லாவற்றையும் விற்றுவிட்டு இந்த இரண்டை மட்டும் கப்பலில் ஏற்றியிருக்கிறார்.

"ஜோடில ஒண்ணு செத்துப்போச்சு. இன்னொண்ணு வீட்ல விதவையா நிக்குது. நானும் விதவை, அதுவும் விதவை. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மொறச்சிக்கினு உக்காந்துருக்கோம். உன்னாலதான்."

ஸ்பீக்கரின் கூம்பை மெதுவாக உள்ளே அழுத்திப் பார்த்தேன். கரகரவென்று உரசியது. மூக்கைக் கொண்டுபோனால் கருகிய வார்னிஷ் நாற்றம். உள்ளே சுருள் வெந்துபோயிருக்கிறது. இதில் சந்தேகமே இல்லை: ஆம்ப்ளிஃபயர் பாட்டுக்குப் பதிலாக நேர் கரண்டை அனுப்பியிருக்கிறது. அதற்குத்தான் என் கிட்டில் ஸ்பீக்கரைக் காப்பாற்ற ஒரு சின்ன போர்டு தனியாகக் கொடுக்கிறேன். ஏதாவது கெட்டுப்போனால் 'டக்'கென்று இணைப்பை அறுத்துவிடும்.

"அந்தச் சின்ன போர்ட மாட்டலியா நீங்க?"

"எந்தச் சின்ன போர்டு? பெட்டில இருந்தத எல்லாம் மாட்டிட்டேன். சால்டரிங் என் கையால செஞ்சது. ஊசி போட்ட கை. நடுங்காது."

பையிலிருந்து போர்டை எடுத்து, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்த முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மூலையில் விரலை வைத்துக் காட்டினார்.

"இந்த மீனு உன்னுதுதானே?"

என்னுடையதுதான். நெத்திலி மீன். போர்டு வரையும்போது ஒவ்வொருவரும் ஒரு மூலையில் தங்கள் அடையாளத்தைச் செம்பிலேயே விட்டுவைப்பார்கள். சிலர் இனிஷியல், சிலர் நட்சத்திரம். நான் நெத்திலி. சின்னதாக இருக்கிறது, செலவில்லை. "சோத்துக்கு ஒதவாத மீனு" என்று அம்மா சொல்வார். அவர் அப்பா வீட்டில் பம்புசெட் மோட்டார் கட்டினார்களாம். பாட்டு கேட்க எவனும் எதையும் கட்டவில்லையாம். அப்படிச் சொல்லிக்கொண்டே சாயங்காலத்தில் டீவி பார்த்தபடி என் ரெசிஸ்டர்களை நிறம் பார்த்துப் பிரித்துச் சின்னச் சின்ன கவரில் போடுவதும் அவர்தான்.

மீன் என்னுடையது. போர்டு என்னுடையது இல்லை.

என் போர்டு பச்சை. இது கருப்பு. எழுத்து, கோடு, துளை எல்லாம் அப்படியே இருந்தது. என் வீட்டுக்குள் வேறு யாரோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது போல இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சட்டை மாறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

இதை விளக்கியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரைத் தள்ளுகிற பெரிய டிரான்சிஸ்டர்கள் இருக்கும். அவற்றுக்கு ஒரு கெட்ட குணம். சூடானால் அதிகமாகக் கரண்ட் இழுக்கும். அதிகம் இழுத்தால் இன்னும் சூடாகும். இன்னும் சூடானால் இன்னும் இழுக்கும். யாரும் தடுக்காவிட்டால் தன்னைத் தானே எரித்துக்கொண்டு ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். அதைத் தடுக்க ஒரு சின்ன டிரான்சிஸ்டர். அதை அந்தப் பெரியவற்றோடு சேர்த்து, ஹீட்சிங்க் என்கிற அலுமினியப் பட்டையின் மேலேயே அழுத்தி ஒட்ட வேண்டும். பிள்ளைக்கு ஜுரம் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்போமே, அந்தக் கை அது. சூடு ஏறினால் உடனே கரண்டைக் குறைக்கும். அதற்காகத்தான் போர்டிலிருந்து மூன்று வயரை முறுக்கி ஹீட்சிங்குக்கு இழுத்திருந்தேன். பார்க்க அழகாக இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கருப்பு போர்டில் வயர் இல்லை. அந்தச் சின்ன டிரான்சிஸ்டரைப் போர்டின் நடுவில், இரண்டு கெப்பாசிட்டருக்கு மத்தியில், ஒழுங்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். பிள்ளை ஒரு அறையில் ஜுரத்தில் கொதிக்கிறது. அம்மா அடுத்த அறையில் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடே இல்லையே என்கிறாள்.

மதாமிடம் அப்படியே சொன்னேன். நர்ஸுக்கு வேறு எப்படிச் சொல்வது? சட்டென்று புரிந்துகொண்டார். "சே பா போசிப்ளு" என்று வாயைப் பிளந்தார். நம்ப முடியாதபோது அவருக்குப் பிரெஞ்சுதான் வரும். "இவ்ளோ முட்டாத்தனத்த யார்ரீ செஞ்சா?"

யார் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு யூடியூப் சேனல்காரர் வந்திருந்தார். ஆம்ப்ளிஃபயர்களைக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்கிறவர். எங்கள் வீட்டில் உட்கார்ந்து வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டார். என் ஆம்ப்ளிஃபயரில் ஒரு நாதஸ்வரக் கச்சேரியைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "தங்கச்சி, நீ எங்கயோ போகப்போற" என்றார். அப்புறம் அந்த வீடியோ வரவே இல்லை. அவர் ஆன்லைனில் கருப்பு போர்டு கிட் விற்கக் கடை ஆரம்பித்தது மட்டும் தெரிந்தது.

மதாம் எதிரிலேயே அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தங்கச்சி! எப்படிம்மா இருக்க? அம்மா நல்லாருக்காங்களா?"

"உங்க கருப்பு போர்டு ஒண்ணு என் வீட்டுக்கு வந்துருக்குண்ணா. ஒருத்தங்க ஸ்பீக்கர எரிச்சிட்டு வந்துருக்கு."

"அடடா. யூசர் மிஸ்டேக்கா இருக்கும்."

"யூசர் நாந்தான்டா" என்றார் மதாம்.

"யாரு அது பக்கத்துல?"

"அத விடுங்க. அந்தச் சின்ன டிரான்சிஸ்டர ஏன் போர்டு நடுவுல வெச்சீங்க?"

"எது?"

"ஹீட்சிங்க்ல ஒட்டச் சொல்லி மூணு வயர் இழுத்துருந்தேனே."

"ஓ, அதுவா. அது பாக்க அசிங்கமா இருந்துச்சும்மா. வீடியோல வயர் தொங்குது. நம்ம பையன் ஒருத்தன் கிளீன் பண்ணிட்டான். கமெண்ட்ல எல்லாரும் லேஅவுட் சூப்பர்னுட்டாங்க."

"ஸ்பீக்கரக் காப்பாத்தற போர்டு எங்க?"

"அத சேத்தா வெல ஏறுதும்மா. வேணும்கிறவங்க தனியா வாங்கிக்கலாம்."

"எடுத்துட்டேன், மாத்திட்டேன்னு எங்கயாவது ஒரு வரி எழுதினீங்களா? சரி, என் மீன ஏன் விட்டுவெச்சீங்க?"

"எந்த மீனு?" என்றார்.

இதைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. திருடுகிறவன் பூட்டையாவது பார்ப்பான். இந்த மனிதர் என் போர்டைக் கண்ணால் பார்க்கவே இல்லை. நான் இணையத்தில் போட்டிருந்த பைலை இறக்கி, அசிங்கமாகத் தெரிந்ததை நகர்த்தி, நிறத்தை மாற்றி, ஆர்டர் கொடுத்துவிட்டார். மூலையில் ஒரு மீன் நீந்திக்கொண்டிருந்தது கூடத் தெரியாமல் பெட்டி பெட்டியாக விற்றிருக்கிறார்.

"நீ ஓப்பனாதானம்மா போட்ட? யார் வேணா எடுக்கலாம்னு நீயே எழுதிருக்க" என்றார் கடைசியாக. "வர்ற ஞாயித்துக்கெழம நம்ம ஆம்ப் கட்றவங்க மீட்டுக்கு வருவல்ல? அங்க பேசிக்கலாம்."

ஆமாம். நான்தான் எழுதினேன். இன்றைக்கும் அழிக்கவில்லை. நானும் முகம் தெரியாத யார் யாரோ வரைந்து போட்ட சர்க்யூட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். காலேஜில் நான்கு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்ததில் ஓர் ஆம்ப்ளிஃபயரைக்கூட யாரும் சத்தம் வரும்படி காட்டவில்லை. பரீட்சைக்குப் படம் போட்டோம், அம்புக்குறி போட்டோம், பாஸானோம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொன்னவர்கள் எல்லாம் எங்கோ ஒரு நாட்டில் ராத்திரி வேலை முடிந்து வந்து இலவசமாகப் பதில் எழுதியவர்கள். அந்த உலகத்தில் விதி ஒன்றே ஒன்றுதான். எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கொள். ஆனால் யாரிடம் எடுத்தாய், எதை மாற்றினாய் என்று சொல். ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் யாராவது ஒருவர், "ஐயா, அந்தச் சின்னதை அங்கே வைக்கக் கூடாது" என்று சொல்லியிருப்பார். மதாமின் ஸ்பீக்கர் இன்றைக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

போனை வைத்ததும் மதாம் கொஞ்சம் நெளிந்தார். "ஒண்ணு சொல்லணும். நேத்தே அந்த குரூப்புல போட்டோ போட்டு மீனு யாருதுன்னு கேட்டுட்டேன். ஒருத்தன் தனியா உன் அட்ரஸ் அனுப்பினான், மத்தவன் எழுதினத நான் படிக்கல."

வாட்ஸப்பில் எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. புதுச்சேரி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள். நேற்றிலிருந்து பார்க்காததை இப்போது திறந்து பார்த்தேன். எரிந்த ஸ்பீக்கர், பக்கத்தில் பெரிதாக்கிய என் நெத்திலி. கீழே வரிசையாக வந்திருந்தது. "அவசரப்பட்டு டிசைன் போட்டா இப்டித்தான்." "பொண்ணு நல்ல பொண்ணுதான், அனுபவம் பத்தாது." "நான் அப்பவே சொன்னேன்." எப்போது சொன்னாராம்? ஒருவர் மீன் படத்துக்குக் கீழே வறுவல் படம் போட்டிருந்தார். அதற்குச் சிரிப்பு முகம் வேறு குவிந்திருந்தது.

மதாம் கிளம்புவதற்குள் குரூப் அட்மின் போனில் கூப்பிட்டார். கடலூரில் பேங்க் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கூடத்தைப் பிடித்து எல்லாரையும் அவரவர் ஆம்ப்ளிஃபயரோடு வரவைத்து, உட்கார்ந்து கேட்கவைக்கிறவர்.

"இந்த மொற உன் போர்டு வேணாம்மா. தப்பா எடுத்துக்காத. எல்லாரோட ஸ்பீக்கரும் அங்க இருக்கும்."

"சார், அது என் போர்டு இல்ல."

"மீனு உன்னுது ஆச்சேம்மா."

வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. ஒரு மீட்டிங்குக்குப் போர்டைக் கொண்டுவராதே என்றார்கள், அவ்வளவுதானே? கிட் டிசைன் செய்கிறவர்களுக்குக் கடை கிடையாது, விளம்பரம் கிடையாது. நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க ஸ்டெபிலைசர் போர்டு டெஸ்ட் செய்கிறேன். அதில் என் மூளைக்கு வேலையே இல்லை. நான் செய்தது என்று இந்த உலகத்தில் காட்ட ஒன்று இருக்கிறதென்றால் அந்தப் பச்சை போர்டுதான். அது உயிரோடு இருப்பது ஒரே ஓர் இடத்தில். முன்பின் தெரியாத ஒருவர் தன் சொந்த ஸ்பீக்கரின் வயரை நம்பி அதில் செருகுகிற இடத்தில். அந்த நம்பிக்கை போய்விட்டால் அது வெறும் செம்புத் தகடு.

"அலோர், சரி" என்று எழுந்தார் மதாம். "வத்தி வெச்சது நான். அணைக்கறதும் நான். ரெண்டு போர்டையும் எடுத்துக்கினு போறோம். உன் பச்ச, அவன் கருப்பு. எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், "இன்னாடி, லவ்வு புட்டுக்கிச்சா?" என்று கேட்டாள். டிரான்சிஸ்டர் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அந்தச் சேனல்காரரின் வார்த்தை ஒன்று மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கிளீன். மூன்று வயர் தொங்கினால் அசிங்கம். எரிந்த ஸ்பீக்கர் அசிங்கம் இல்லை.

மீட் நடந்தது நோணாங்குப்பத்தில், படகுத் துறைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். பந்தி மேசைகளின் மேல் ஆம்ப்ளிஃபயர்கள் வரிசையாக மூடியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மூடி போட்டு யாரும் கொண்டுவரக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். மேலே மின்விசிறிகள் சூடான காற்றையே திருப்பித் திருப்பித் தள்ளின. வெளியே டூரிஸ்ட் வேன்களின் ஹாரன்.

எங்கள் மீட்டில் ஒரு வழக்கம். எந்த ஆம்ப்ளிஃபயரையும் முதலில் நல்ல ஸ்பீக்கரில் மாட்ட மாட்டோம். ஓரமாக ஒரு பழைய காயலான்கடை ஸ்பீக்கர் இருக்கும். அதன் பெயர் பலிகடா. அதில் அரை மணி நேரம் பாடவிட வேண்டும். பிறகு அதை டிசைன் செய்தவர் வந்து ஹீட்சிங்கின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு பாட்டு முழுக்க எடுக்காமல் நிற்க வேண்டும். கை பொறுத்தால் ஆம்ப்ளிஃபயர் பாஸ். தன் கையை வைக்கப் பயப்படுகிறவன் இன்னொருத்தன் ஸ்பீக்கரைக் கேட்கக் கூடாது என்பது கணக்கு.

அட்மின் எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். "ஏம்மா, சொன்னேனில்ல?"

"அவள நான் கூட்டியாந்தேன்" என்றார் மதாம். "செத்தது என் ஸ்பீக்கர். எழவு வீட்ல யார் வரணும் யார் வரக்கூடாதுன்னு நான் சொல்லணும், நீ இல்ல."

கூடம் சிரித்தது. அட்மினும் சிரித்துவிட்டார். வழி விட்டார். சேனல்காரர் அந்தக் கோடியில் ஒரு மேசை போட்டு, கருப்பு போர்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். கையசைத்தார்!

முதலில் என் பச்சை. பலிகடாவில் மாட்டி அரை மணி நேரம் ஒரு கடம் தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டோம். கை வைத்தேன். சூடான டீ டம்ளர் அளவுக்கு இருந்தது. பாட்டு முடிகிறவரை நின்றேன். வறுவல் படம் போட்ட அண்ணன் முன்வரிசையில் நின்று என் முகத்தையே பார்த்தார். வலிக்கிறதா என்று தேடினார் போலிருக்கிறது. பாட்டு முடிந்தது. கையை எடுத்து அவருக்கு நேராக விரித்துக் காட்டினேன்.

அடுத்தது கருப்பு. மதாமின் போர்டுதான் எரிந்துபோனதே, சேனல்காரர் மேசையில் காட்சிக்கு வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரையே எடுத்து வரச் சொன்னார் அட்மின். நன்றாகக் கட்டியது, பளபளவென்று இருந்தது. உண்மையிலேயே அழகாக இருந்தது. அதுதான் எரிச்சல். அதே பலிகடா, அதே கடம். அரை மணி நேரம் நன்றாகவே பாடியது. சேனல்காரர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சரிண்ணே, வாங்க. கை வைங்க" என்றார் அட்மின்.

அவர் தன் கையைப் பார்த்தார். ஹீட்சிங்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார்:

"டிசைனர்தானே கை வெக்கணும்? நான் செல்லர். டிசைன் நம்ம தங்கச்சிது. தங்கச்சி வைக்கட்டும்."

ஒரு வருஷமாக அந்த மனிதர் சொல்லாத வார்த்தை. பெட்டியில் இல்லை, வீடியோவில் இல்லை, போனில் கேட்டபோதும் இல்லை. எரியப்போகிற நேரத்தில் வந்தது. ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வீட்டில் கேட்டால் அம்மா வாயில் அடித்திருப்பார் என்று மதாம் பிறகு சொன்னார்.

"வெக்காத" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார் மதாம். சேனல்காரரைப் பார்த்து, "ஏன்டா, புள்ளைக்குப் பேர் வெக்கும்போது நீ அப்பன், போலீஸ் வந்தா மட்டும் அவ ஆத்தாளா? வைடா கைய!"

கூடமே இப்போது அவரைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் இரண்டு விரலை மட்டும் வைத்தார். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. பல்லவி முடிவதற்குள் விரலை எடுத்து உதறினார். "நல்ல ஆம்ப்னா சூடாத்தான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. டப் என்றது. பலிகடாவின் கூம்பு வெளியே துள்ளி அப்படியே நின்றுவிட்டது. பிறகு அதன் நடுவிலிருந்து மெல்லிசாக ஒரு புகை. அட்மின் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

எனக்கு அழுகை வரும்போலிருந்தது. சந்தோஷத்தில். இதோ முடிந்தது, எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இனி ஒரு வார்த்தை பேச முடியாது என்று நினைத்தேன். இப்போது அந்த மனிதரைப் பிடித்து உலுக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

யாரும் அவர் பக்கமே போகவில்லை. எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஏம்மா, அந்தச் சின்ன டிரான்சிஸ்டர்தானே பிரச்சன? அத மட்டும் கழட்டி ஹீட்சிங்க்ல வெச்சா சரியாப்பூடுமா?"

"வயரு எவ்ளோ நீளம் வுடலாம்?"

"போர்ட மாத்த வேணாம்ல?"

எனக்குப் புரியவில்லை. "ஏன் கேக்கறீங்க?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் உறைத்தது.

"இங்க எத்தன பேர் அத வாங்கி வெச்சிருக்கீங்க?"

ஒரு கை எழுந்தது. அப்புறம் இரண்டு, மூன்று, மேசைக்கு மேசை. வறுவல் அண்ணன். 'அனுபவம் பத்தாது' என்று எழுதியவர். கடைசியாக, யாரும் பார்க்கக் கூடாது என்பது போல, அட்மினின் கை காதளவுக்கு உயர்ந்தது.

"பாதி வெலைல வந்துச்சும்மா" என்றார். "ஒண்ணு வாங்கிப் பாக்கலாமேன்னு. இன்னும் கட்டல, பெட்டிலதான் இருக்கு."

என் போர்டை வாசலில் நிறுத்தியவர் வீட்டில் அந்தப் போர்டு இருந்திருக்கிறது. நான் ஒரு வருஷம் உட்கார்ந்து போட்டதை இந்தக் கூடத்தில் பாதிப்பேர் சேனல்காரரிடம் வாங்கிவிட்டு, அவர் கெடுத்ததைச் சரிசெய்ய என்னிடம் கேட்கிறார்கள். அதுவும் இலவசமாக. நான் இன்றைக்கு நிரூபித்தது என்ன? அந்தச் சின்னதை மட்டும் நகர்த்தினால் பாதி விலைப் போர்டு நன்றாகவே பாடும் என்பதைத்தான். இனி நிம்மதியாக அவரிடமே வாங்கலாம்.

"எரியட்டும்" என்றேன். "அவர்கிட்ட போய்க் கேளுங்க. காசு அவர்கிட்டதானே குடுத்தீங்க."

"அவருக்குத் தெரியாதேம்மா" என்றார் விழுப்புரத்துக்காரர் ஒருவர். கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

மதாமைப் பார்த்தேன். ஏதாவது திட்டுவார், என்னை இழுத்துக்கொண்டு வெளியே போவார் என்று நினைத்தேன். அவர் தோளைத் தூக்கி உதட்டைப் பிதுக்கினார். பிரான்சில் பழகிய பழக்கம் அது. "நான் நர்ஸுடீ. கெட்டவனுக்கும் ஊசி போட்டுருக்கேன். ஆனா கொஞ்சம் வலிக்கற மாதிரி போடுவேன்."

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஸ்பீக்கர். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் எங்கிருந்தோ ஆசையாகத் தூக்கி வந்திருப்பார். அது எரிந்தால் போர்டின் மூலையில் இருக்கப்போவது சேனல்காரரின் பெயர் இல்லை, என் மீன்.

பந்தி மேசையின் மேல் விரித்திருந்த பேப்பர் சுருளைக் கிழித்தேன். ஒருவர் பேனா கொடுத்தார். ஹீட்சிங்கை வரைந்தேன், இரண்டு பெரிய டிரான்சிஸ்டர், நடுவில் சின்னது, மூன்று வயர். தலைகள் மேலே கவிழ்ந்துகொண்டன. வெளிச்சம் மறைந்தது.

"தள்ளி நில்லுங்க! ஒண்ணும் தெரியல."

தள்ளி நின்றார்கள்.

"மொதல்ல சின்னத உருவுங்க. கால் ஒடஞ்சா புதுசு போடுங்க. மூணு வயரையும் முறுக்கணும். முறுக்கலன்னா உய்யுனு கத்தும். சுருக்கமா இருக்கணும். அசிங்கமா இருந்தா பரவால்ல. அசிங்கமாத்தான் இருக்கும்."

"ஹீட்சிங்க்ல தொளை எவ்ளோ போடணும்?"

நிமிர்ந்தேன். கேட்டது வறுவல் அண்ணன். அவருக்குப் பின்னால், தலைகளுக்கு மேலே, ஒரு கை போனை உயர்த்திப் பிடித்திருந்தது. சேனல்காரர். நான் வரைந்த படத்தையும் என் குரலையும் பதிவு செய்துகொண்டிருந்தார். நான் பார்ப்பது தெரிந்தும் கையை இறக்கவில்லை.

"மூணு எம்எம்!" என்று கத்தினேன். "கரண்ட் தாண்டாம இருக்க நடுவுல மைக்கா தகடு வெக்காம முடுக்குனீங்கன்னா மறுபடியும் எரியும். மைக்கா. காதுல விழுந்துச்சா? மைக்கா!"

கூடத்தில் எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். போன் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.